எறும்புருச் சிலந்திகள்: மிர்மரக்னே என்னுஞ் சாதியை இனங்காணுமாறு

இலக்கண நூலார் போலி என்றொரு விதி கூறுவர். ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்திற் பிறிதோர் எழுத்து வந்து நின்று, பொருள் திரியாமல் வழங்குதலே போலியாம். அறம் அறன் என்றும், மயல் மையல் என்றும் வருவன மாணவர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். எழுத்திலே வரும் இப்போலியால் எவரும் ஏமாறுவதில்லை. உயிருலகிலும் போலிகள் உள. அவை பிறர் கண்ணை மயக்கித் தம்முயிரைக் காத்துக்கொள்வன. அவற்றுள் ஒரு சாதியைப் பற்றிய சில செய்திகளை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றேன். தமிழாசிரியன் ஒருவன் சிலந்தியைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையென்று சிலர் வினவுதல் கூடும். பெயரிடுதலும் வகுத்தலும் இலக்கணத்துக்கும் விலங்கியலுக்கும் பொதுவான தொழில்கள். ஒன்றிற் பழகியவன் மற்றதனை எட்டிப்பார்ப்பதிற் குற்றமில்லை.

எம்மூர் மாமரங்களில் முசுறு கூடு கட்டுவதை அறியாதார் இலர். உயிருள்ள இலைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து, தம் புழுக்களைக் கையில் எடுத்து, அவை சுரக்கும் நூலால் அவ்விலைகளைத் தைத்து வீடாக்கும் செந்நிற எறும்பு அது. ஈக்கோபிலா ஸ்மரக்டினா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். சீன நாட்டார் தோடைத் தோட்டங்களிற் பூச்சிகளை ஒழிப்பதற்கு இவ்வெறும்பின் கூடுகளைக் கொண்டுவந்து கட்டியமை கி. பி. 4ஆம் நூற்றாண்டு நூலொன்றிலேயே குறிக்கப்பட்டுள்ளது. எம்மவரோ மாங்காய் ஆய ஏறும்போது அதன் கடியை அனுபவித்து, கூட்டைத் தீயிட்டுக் கொளுத்துதலையே வழக்கமாகக் கொண்டனர். இம்முசுறு ஊர்ந்து செல்லும் கிளையிலே, சாரைக்குச் சற்று விலகி, ஒரு தனி முசுறு தயங்கித் தயங்கிச் செல்வதைக் கூர்ந்து நோக்குவோர் எப்போதாவது காணலாம். விரலை நீட்டினால் அது கடிக்க வராது. இலையின் அடிப்புறத்துக்கு ஓடி ஒளியும். மேலும் நெருக்கினால் ஒரு நூலை விட்டுக்கொண்டு கீழே தொங்கும். எறும்பு நூலில் தொங்குவதில்லை. தொங்கியது சிலந்தி.

இனி அதன் குலமுறையை நோக்குவாம். மூட்டுக்காலிகள் என்னும் பெருங்கணத்திலே எறும்பு பூச்சி வகுப்பைச் சார்ந்தது. சிலந்தி அரக்னிடா வகுப்பைச் சார்ந்தது. பூச்சிக்கு உடல் தலை, நெஞ்சு, வயிறு என மூன்று கூறு, கால் ஆறு, தலையில் ஓரிணை உணர்கொம்பு, கண் கூட்டுக்கண். சிலந்திக்குத் தலையும் நெஞ்சும் ஒன்றாய் இணைந்த தலைநெஞ்சும் வயிறும் என உடல் இரண்டே கூறு, கால் எட்டு, உணர்கொம்பு இல்லை, கண்கள் தனிக்கண்கள், பெரும்பாலனவற்றுக்கு எட்டு. சிலந்திகளுக்குள்ளே சல்ற்றிசிடே என்பது பாய்சிலந்திக் குடும்பம். வலை பின்னிக் காத்திராது, ஈயைக் கண்டு பதுங்கிச் சென்று பாய்ந்து பற்றுதலின் இவற்றை ஈப்புலி என்றும் எம் முன்னோர் வழங்கினர். புலி என்ற பெயர் மிகப் பொருத்தமானது. உலகிற் பெயரிடப்பட்ட சிலந்தியினங்கள் 2022ஆம் ஆண்டில் 50,000 என்னுந் தொகையை எட்டின. அவற்றுள் 6,000க்கு மேற்பட்டவை பாய்சிலந்திகள். சிலந்திக் குடும்பங்களிற் பெரியது இதுவே. இக்குடும்பத்தினுள் எறும்புரு வாய்ந்த சாதிகள் பல. அவற்றுட் பெருஞ்சாதி மிர்மரக்னே. கிரேக்க மொழியில் எறும்பு என்னும் பொருட்சொல்லும் சிலந்தி என்னும் பொருட்சொல்லும் சேர்ந்து ஆகிய தொகை அது. தமிழில் எறும்புச்சிலந்தி என்று உவமைத் தொகையாக விரித்துக்கொள்ளலாம்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவு பற்றி ஆறாக வகுத்து, எறும்பினை மூவறிவுடையவற்றுள்ளும் நண்டினை நாலறிவுடையவற்றுள்ளும் வைத்தார். அது புலன்களின் தொகை பற்றிய பகுப்பு. இக்கால விலங்கியலார் பகுப்பு பிறப்புமுறை பற்றியது: எது எதனோடு ஒரு மூதாதையிலிருந்து தோன்றியது என்பதே அவர் வினா. தோற்றமொன்றையே அளவுகோலாகக் கொண்டு வகுப்போமாயின், இச்சிலந்தியை எறும்போடு ஒரு பெட்டியில் இட நேரும். எனவே போலியுயிர் ஒவ்வொன்றும் வகுப்பாளனுக்கு வைக்கப்பட்ட ஒரு பரீட்சை எனலாம். ஒருவன் எதனைக் கண்டு முடிவுசெய்தான், மேற்றோற்றத்தையா உள்ளமைப்பையா என்பது இங்கே வெளிப்பட்டுவிடும்.

உவமை பிறக்கும் நிலைக்களன்களை மெய், உரு, வினை, பயன் என நான்காகப் படிக்கின்றோம். மெய் வடிவம், உரு நிறம், வினை தொழில், பயன் அதனால் விளைவது. இந்நான்கிலும் எறும்போடு ஒத்துநிற்கும் உயிர் இது. கவிஞர் தாமும் நான்கினையும் ஓருவமையில் அமைப்பது அரிது.

வடிவத்தை முதலிற் காண்போம். சாதாரண பாய்சிலந்தி குறுகிப் பருத்த உடலினது. மிர்மரக்னேயின் உடலோ நீண்டு மெலிந்தது. இரண்டு கூறேயான உடல் மூன்று கூறாகத் தோன்ற வேண்டும். அதற்காகத் தலைநெஞ்சின் நடுவே ஓர் இடுக்கு விழுந்துள்ளது. இடுக்கின் முன்பகுதி எறும்பின் தலை போலவும், பின்பகுதி எறும்பின் நெஞ்சு போலவும் தோன்றும். பிற சிலந்திகளில் தலைநெஞ்சையும் வயிற்றையும் இணைக்குங் காம்பு மேலிருந்து பார்த்தாற் புலப்படாது. இதிலே அக்காம்பு நீண்டு வெளிப்பட்டு, எறும்பின் இடைக்கணுவாகக் காட்சியளிக்கும். சில இனங்களில் வயிற்றின் நடுவிலும் ஓர் ஒடுக்கம் உண்டு. நிறம் அவ்வவ்வினம் போலும் எறும்பினைப் பொறுத்தது. முசுற்றைப் போல்வது செம்மஞ்சள்; கட்டெறும்பைப் போல்வது கரியது. முசுற்றைப் போலும் இனத்தின் தலையின் இருபக்கத்தும் ஒவ்வொரு கரும்புள்ளி உண்டு. உண்மைக் கண்கள் வேறிடத்திலிருக்க, இப்புள்ளிகள் எறும்பின் கூட்டுக்கண்ணாகத் தோன்றும். இல்லாத கண்ணை எழுதிக்காட்டிய இயற்கையின் திறத்தை என்னென்பது!

இவ்வொப்புமை பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை ஒரே எறும்போடு நிற்பதுமன்று. முட்டையிலிருந்து வெளிவந்த சிறு குஞ்சு, ஒரு முசுற்றின் அளவை எவ்வாறு காட்டுதல் இயலும்? இளம்பருவத்தில் அது வேறொரு சிற்றெறும்பை ஒத்திருந்து, தோல் கழற்றி வளருந்தோறும் நிறமும் அளவும் மாறி, ஈற்றிலேதான் முசுற்றுருவைப் பெறும். தென்னிந்தியாவில் இச்சிலந்தியின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்த அ. ப. மாத்தியூ என்பார் 1934இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் அதனை வெளியிட்டார். சிலந்தியை இனங்காண விரும்புவோர் இச்செய்தியை மறவாதிருத்தல் வேண்டும். ஒரு மரத்தில் இரு நிறத்தனவாய்க் காணப்படும் இரண்டு சிலந்திகள் இரண்டு இனமாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை; தாயும் பிள்ளையுமாக இருத்தல் கூடும்.

வினைக்கு வருவோம். எறும்புக்கு உணர்கொம்பு உண்டு, சிலந்திக்கு இல்லை. சிலந்தி தன் முன்காலிரண்டையும் தலைக்கு முன்னே தூக்கி அசைத்து அக்குறையை நிரப்பும். எட்டுக் காலில் இரண்டு இவ்வாறு போக, நிலத்தில் ஊன்றுவன ஆறே என்று பல நூல்கள் எழுதிவைத்துள்ளன. படித்தவர் கண்டவராகவும் எண்ணிக்கொண்டனர். 2017இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஐரோப்பாவிலிருந்து அந்நாட்டிற் குடியேறிய மிர்மரக்னே போமிக்காறியா என்னும் இனத்தை விரைவுப் படக்கருவியாற் படம்பிடித்து ஆராய்ந்து, உண்மையை வெளியிட்டனர். நடக்கும்போது அச்சிலந்தி எட்டுக் காலாலேயே நடக்கின்றது. இடையிடையே ஒரு விநாடியின் பத்திலொரு பங்கு அளவே நின்று, அக்கணத்தில் முன்காலைத் தூக்கிக் காட்டிவிட்டு மீண்டும் நடக்கின்றது. எம் கண்ணுக்கு அது இடையறாது தூக்கியபடியே நடப்பதாகத் தோன்றுகின்றது. அதனினும் வியப்பு, அது செல்லும் வழி. எறும்பு மணத்தடத்தைப் பின்பற்றி இருபுறமும் வளைந்து வளைந்து செல்லும். பின்பற்ற மணத்தடம் ஏதுமில்லாத இச்சிலந்தியும் அவ்வாறே வளைந்து செல்கின்றது. பாய்சிலந்திக் குடும்பத்திற் பிறந்தும் இது பாய்வது அரிது. இரையை அணுகி முன்காலால் தட்டிப்பார்த்து, குறுகிய தூரத்தில் திடீரென முன்சென்று பற்றும். பாய்ந்தால் வேடங் கலைந்துவிடும் அன்றோ!

இவ்வேடத்தாற் பெறும் பயன் யாது? எறும்பைத் தின்பதற்கே எறும்புரு எடுத்தது என்று பலர் கருதுவர். மிர்மரக்னேயைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பொருந்தாது. அது எறும்பை அண்டியே வாழினும், எறும்பு நெருங்கினால் விலகி ஓடும். சினமிகுந்த முசுற்றின் கையிலகப்பட்டால் அதற்கு உய்வில்லை. வேடம் ஏமாற்றுவது வேறொரு கூட்டத்தாரை. எறும்பு கடிக்கும், கொட்டும், போமிக்கமிலத்தைப் பீச்சும், ஒன்றைத் தொட்டால் நூறு வரும். ஆதலின் பூச்சியுண்ணும் உயிர்களிற் பல எறும்பைக் கண்டு விலகும். தீங்கற்ற உயிரொன்று தீங்குடைய உயிரின் உருவைக் கொண்டு பிழைப்பதை அமேசன் காட்டு வண்ணத்துப்பூச்சிகளிற் கண்டு விளக்கியவர் ஹென்றி வால்டர் பேற்ஸ். அவர் கட்டுரை வெளிவந்த ஆண்டு 1862. அவர் பெயராலேயே இது பேற்சின் போலியுரு என வழங்கும். நியூசிலாந்துப் பேராசிரியர் றொபேட் ஜாக்சனும் சிமேனா நெல்சனும் பிறரும் இதனைப் பரிசோதித்தனர். எறும்பை முன்னர் ஒருபோதும் கண்டறியாத கும்பிடுபூச்சிகள் முன் எறும்பையும் எறும்புச்சிலந்தியையும் வேறு பூச்சிகளையும் விட்டுப் பார்த்தபோது, அவை எறும்பை விலக்கியவாறே எறும்புச்சிலந்தியையும் விலக்கின. 2006இல் வெளியான இவ்வாய்வு, அவ்வச்சம் பட்டறிந்து பெற்றதன்று, பிறவியிலேயே அமைந்தது என்று காட்டியது.

எறும்பைத் தின்னும் போலிகளும் உண்டு. குழப்பம் நேராதிருத்தற் பொருட்டு அவற்றையும் கூறிவிடுகின்றேன். அமிசியா என்னும் நண்டுச்சிலந்தி முசுற்றைப் போன்ற நிறத்தது. அதன் வயிற்றின் பின்புறத்தில் இரு கரும்புள்ளிகள் கண்களாகத் தோன்றும். பின்புறமே தலைபோலக் காணப்படும். துடிக்கும் எறும்பைப் போல நடித்து, விசாரிக்க வரும் முசுற்றைப் பற்றி உண்ணும். அவுஸ்திரேலியாவில் கொஸ்மோபாசிஸ் பைற்றினியாற்றா என்னும் பாய்சிலந்தி, உருவத்தால் ஒவ்வாதிருந்தும், தன் மேனியின் இரசாயனப் பொருளால் முசுற்றின் மணத்தைப் பெற்று, கூட்டுக்குள் நுழைந்து குடம்பிகளை உண்கின்றது. கண்ணுக்கு ஒப்பு ஒன்று, மூக்குக்கு ஒப்பு மற்றொன்று.

ஆண் சிலந்தியைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். மிர்மரக்னேயில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. ஈற்றுத் தோல் கழன்றவுடன் ஆணின் தாடைகள் இரண்டும் முன்னோக்கி மிக நீண்டு விடுகின்றன. ஆண்கள் தம்முட் பொருதும்போது அத்தாடைகளை அகல விரித்து ஒன்றையொன்று தள்ளும். இவ்வளவு நீண்ட தாடை எறும்புருவைக் கெடுக்காதோ என்பது நியாயமான ஐயம். விடை அழகானது: தாடை நீண்ட ஆண், தன் வாயில் இன்னோர் எறும்பைக் கவ்விச் செல்லும் எறும்பைப் போலத் தோன்றுகின்றது! ஆயினும் இதற்கொரு விலை உண்டு. வாயிற் சுமையுள்ள எறும்பு கடிக்க இயலாது. ஆதலால் எறும்பையே உணவாகக் கொண்ட சில பாய்சிலந்திகள் அத்தகைய எறும்பைத் தேடித் தாக்கும். அவை ஆண் மிர்மரக்னேயையும் விரும்பித் தாக்குவதாக நெல்சனும் ஜாக்சனும் கண்டனர். ஒரு பகைக்குத் தப்பி மறு பகையிடம் அகப்படும் நிலை. அன்றியும், முசுற்றைப் போலும் இனத்தின் ஆணுக்கு விடப்பல்லில் விடம் செல்லும் துவாரமே இல்லை. இரையை நீண்ட பல்லிற் குத்திக் கோத்துக் கொல்லுகின்றது.

இவ்வினத்துக்கு 1869இல் பெயரிட்டவர் இங்கிலாந்திலே டோசெற் பகுதியில் ஒரு சிற்றூர்த் தேவாலய மதகுருவாயிருந்த ஒக்டேவியஸ் பிக்காட்-கேம்பிரிட்ஜ் என்பார். அவர் கையிற் கிடைத்தது இலங்கையிலிருந்து சென்ற ஆண் சிலந்தி. சல்ற்றிக்கஸ் பிளற்றலியோயிடெஸ் என்பது அவர் இட்ட பெயர். பிளற்றலியா என்பது கரண்டிவாயன் என்னும் நீர்ப்பறவையின் சாதிப்பெயர். ஆதலின் கரண்டிவாயனை ஒத்தது என்பது பெயரின் பொருள். யாழ்ப்பாணக் கடனீரேரியில் அப்பறவை அலகைத் தண்ணீரில் வைத்து இருபுறமும் துழாவி இரை தேடுவதைக் கண்ட மாணவர்க்கு, நுனி தடித்து முன்னே நீண்ட அச்சிலந்தியின் தாடையை நான் விளக்க வேண்டியதில்லை. எறும்பை ஒத்த சிலந்திக்கு ஒரு கொக்கின் உறவினப் பறவையை உவமை கூறிய அம்மதகுருவின் கண்ணும் புலவர் கண்ணே.

பெயர் வரலாறு அதனோடு முடிந்துவிடவில்லை. மிர்மரக்னே என்னுஞ் சாதியை வில்லியம் ஷார்ப் மக்லே என்பார் 1839இல், வங்காளத்துச் சிலந்தியொன்றை மாதிரியாகக் கொண்டு நிறுவியிருந்தார். மிர்மரக்னே மெலனொகெபலா, அஃதாவது கருந்தலை எறும்புச்சிலந்தி, அதன் முன்மாதிரி இனம். அமெரிக்காவில் மில்வோக்கி நகரில் உயர்தரப் பாடசாலை ஆசிரியராயிருந்த ஜோர்ஜ் பெக்கமும் அவர் மனைவியார் எலிசபெத்தும் 1892இல் எறும்புரு வாய்ந்த பாய்சிலந்திகள் பற்றித் தனிநூல் எழுதினர். பள்ளியாசிரியர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் எவ்வளவு செய்தல் கூடும் என்பதற்கு அத்தம்பதியர் சான்று. ஆபிரிக்க இனங்களை 1978இல் வன்லெஸ் என்பார் திருத்தமாக ஆராய்ந்தார். இவ்வாறு இனங்கள் சேர்ந்து சேர்ந்து, 200க்கு மேற்பட்டவை ஒரே சாதிக்குள் நெருங்கி நின்றன. 2016இல் போலந்து நாட்டு அறிஞர் யேர்சி புரொசின்ஸ்கி இப்பெருஞ்சாதியைப் பிரித்துப் பல சாதிகளாக்கினார். ரொக்சியஸ், எமேட்டோனியஸ் முதலிய பழம்பெயர்கள் மீண்டும் வழக்கில் வந்தன. புதுப்பெயர்கள் சிலவும் தோன்றின. எம் மாமரத்து முசுற்றுச்சிலந்தி அன்று முதல் மிர்மபிளாற்றா பிளற்றலியோயிடெஸ் ஆயிற்று. ஒரே உயிர் சல்ற்றிக்கஸாகவும் மிர்மரக்னேயாகவும் மிர்மபிளாற்றாவாகவும் மூன்று வீட்டில் குடியிருந்தது. இனப்பெயர் மட்டும் மாறவில்லை.

புரொசின்ஸ்கியின் முறையை எல்லாரும் ஒப்பவில்லை. ஆணின் உணர்கையும் பெண்ணின் இனப்பெருக்க உறுப்பும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைக் கொண்டு, இலகுவாக இனங்காணுதற்கேற்ற குழுக்களாக வகுத்தலே அவர் நோக்கம். பாய்சிலந்திக் குடும்பம் முழுவதற்கும் அவர் இவ்வாறு ஒரு பகுப்பை அமைத்தபோது, பிறப்புமுறையை ஆராயாது வசதி பற்றி வகுத்தல் தகாது என அறிஞர் பலர் 2019இல் மறுத்தெழுதினர். என் கருத்தைக் கேட்பின், மறுத்தவர் பக்கமே நியாயம் மிகுதி. வசதிக்காக வகுப்பது நூலகத்துப் புத்தக அடுக்குக்குப் பொருந்தும். உறவைக் காட்டும் பெயருக்கு உறவே சான்றாதல் வேண்டும். ஆயினும் பெரியதொரு குவியலைப் பிரித்துக் கைக்கெட்டச் செய்தவர் அவர் என்பதையும் மறுத்தல் நன்றன்று. மாணவர் பழம்பெயர் புதுப்பெயர் இரண்டையும் குறித்துவைத்தல் நலம்.

இனிச் செய்முறை. எறும்பென ஐயுற்ற உயிரை முதலில் வில்லைக் கண்ணாடியின் கீழ்க் கால் எண்ணுக. எட்டாயின் சிலந்தி. ஆறாயின் எறும்பு என உடனே முடிவு கட்டற்க. கும்பிடுபூச்சியின் குஞ்சுகளும் சில மூட்டுப்பூச்சிகளின் குஞ்சுகளும் எறும்புருக் கொள்வன. சிலந்தியென்று தெளிந்த பின் முகத்தை நோக்குக. நடுவில் இரண்டு பெருங்கண்கள் வாகனத்து விளக்குகள் போல முன்னோக்கி நின்றால் அது பாய்சிலந்திக் குடும்பம். கஸ்தியனைரா முதலிய வேறு குடும்பத்து எறும்புருச் சிலந்திகளுக்குக் கண்கள் சிறியனவாய் ஏறக்குறைய ஒத்த அளவின. இவ்வொரு குறிப்பே பாதி வேலையை முடித்துவிடும். அதன்பின் தலைநெஞ்சின் இடுக்கையும் வெளிப்பட்ட காம்பையும் காண்க. பெண்ணாயின் முகத்தருகே உள்ள உணர்கையின் நுனிப்பகுதி துடுப்புப் போலத் தட்டையாய் அகன்றிருக்கும். ஆணாயின் நீண்ட தாடை. இவையெல்லாம் பொருந்தின் மிர்மரக்னேயும் அதன் நெருங்கிய உறவுச் சாதிகளுமான கூட்டத்துள் வந்துவிட்டோம்.

இதற்கப்பால் வெறுங்கண் உதவாது, நுணுக்குக்காட்டி வேண்டும். இனத்தைத் துணிவது முதிர்ந்த ஆணின் உணர்கையும் முதிர்ந்த பெண்ணின் வயிற்றடியிலுள்ள இனப்பெருக்கத் தகடும் கொண்டே. ஆணின் உணர்கை நுனியில் ஒரு குமிழ்; அதனைச் சுற்றி நூல்போன்ற குழாய் வளையமாகச் சுருண்டிருக்கும்; அடுத்த கணுவில் வளைந்ததொரு முள். அச்சுருளின் நீளமும் அம்முள்ளின் வளைவும் இனத்துக்கினம் வேறு. தாடையின் உள்விளிம்பிலுள்ள பற்களின் தொகை, முதற்காலின் கீழ்ப்புறத்து முட்களின் தொகை ஆகியனவும் துணைச்சான்றுகள். தாடையின் நீளத்தை மட்டும் நம்பற்க: ஓரினத்துள்ளேயே பேருடல் ஆணுக்கு நெடுந்தாடையும் சிற்றுடல் ஆணுக்குக் குறுந்தாடையும் அமையும். நிறத்தையும் நம்பற்க: மதுசாரத்தில் இட்ட சில நாளிலே அது மங்கிவிடும். முற்கால ஆசிரியர்கள் ஆணை ஓரினமாகவும் பெண்ணை வேறினமாகவும் பெயரிட்டமைக்குக் காரணம், இரண்டையும் ஒருங்கு காணும் வாய்ப்பின்மையே.

எம் விஞ்ஞான கழகத்து மாணவரிடையே இவ்வாறு ஒரு வழக்கு எழுந்தது. போத்தலிலிருந்த ஒரு சிறு சிலந்திக்கு, நூலொன்றிற் கண்ட படத்தைச் சான்றாக்கி, மிர்மபிளாற்றா பிளற்றலியோயிடெஸ் என்று சீட்டெழுத ஒருவன் விரும்பினான். மற்றவன், இது கரியது, முசுறோ சிவந்தது, ஆதலின் வேறினம் என்றான். சொற்போர் முற்றித் தமிழாசிரியனிடம் வந்தது. நான் கேட்டது ஒன்றே: அது முதிர்ந்ததோ? வில்லையாற் பார்த்தனர், வயிற்றடியிற் தகடு இல்லை, தாடையும் நீளவில்லை. இளவுயிர். இருவர் கூற்றுக்கும் சான்றில்லை. ஈற்றில், மிர்மரக்னேக் கூட்டம், இளவுயிர், இனம் துணியப்படவில்லை என்று எழுதி, பிடித்த ஊர், மரம், நாள், அருகே ஊர்ந்த எறும்பு ஆகியவற்றைக் கீழே குறித்தனர். முதலாமவனுக்கு மனநிறைவில்லை, துணியப்படவில்லை என்று எழுதுவது தோல்வியன்றோ என்றான். பிழைபட்ட சீட்டு எழுதியவன் பாடசாலையை விட்டகன்ற பின்னும் அப்போத்தலில் இருக்கும். ஐம்பதாண்டின் பின் அதனைப் பார்ப்பவன் நம்புவான். ஊரும் நாளும் சரியாக எழுதப்பட்ட பெயரற்ற சிலந்தியோ, பெயர் கூறவல்லார் வரும்வரை காத்திருக்கும்.

காத்திருத்தல் வீண்போவதில்லை என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். 1933இலேயே பெயரிடப்பட்ட ரொக்சியஸ் மக்னஸ் என்னும் கரிய எறும்புச்சிலந்தியைப் பற்றி 85 ஆண்டுகளாக எவரும் அறியாத ஒன்றை, சீனத்து யுன்னான் மாகாணத்து ஆய்வாளர் 2018இல் வெளியிட்டனர். அச்சிலந்தித் தாய் தன் வயிற்றடியிலிருந்து பால்போன்ற ஒரு நீரைச் சுரந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றது. அதிலுள்ள புரதம் பசுப்பாலிலுள்ளதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. முதல் 20 நாளும் குஞ்சுகளுக்கு அதுவே உணவு. வெளியே சென்று இரை தேடத் தொடங்கிய பின்னும், ஏறத்தாழ 40 நாள் வரை, மீண்டு வந்து பருகுகின்றன. பெயரும் படமும் நூலிலிருந்தன; கூட்டினருகே பொறுமையோடு இருந்து பார்த்தவர் அதுவரை இலர். எம் மாமரத்துச் சிலந்தி தன் குஞ்சுகளை எவ்வாறு பேணுகின்றது என்பதை எம் மாணவருள் ஒருவன் இரவும் பகலும் இருந்து குறித்தால் என்ன?

இலங்கையின் எறும்புருச் சிலந்திகளை முழுமையாக ஆராய்ந்து, கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் சுரேஷ் பெஞ்சமின் 2015இல் நீண்ட ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். புதிய இனங்களும் அதிற் பெயர் பெற்றன. வரைபடங்கள் தெளிவானவை, ஆங்கிலம் கடினமெனினும் படத்தோடு ஒப்பிடுதல் இயலும். எம் கல்லூரி ஆய்கூடத்தில் அதன் படியொன்று இருத்தல் வேண்டும். பழைய மாணவருள் வசதியுள்ளார் இதனோடு நல்லதொரு நுணுக்குக்காட்டியையும் உதவுவராயின், விழா மண்டபத்துக்குப் புதுவர்ணம் பூசுவதினும் அது பயன்படும் என்பது என் துணிபு.

தேடப் புகும் மாணவர் காலை வெயில் ஏறிய பின் செல்க. மா, எலுமிச்சை, தேசி, கொய்யா முதலியவற்றில் முசுற்றுச் சாரை செல்லும் கிளைக்கு ஒரு முழம் அப்பால், இலைகளின் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் பார்க்க. இலை மடிப்பில் வெண்ணிறப் பட்டுப்போன்ற சிறு உறை இருப்பின் அது அதன் உறைவிடமாதல் கூடும்; கிழிக்க வேண்டா. கிளையின் கீழ் வெள்ளைக் குடையை விரித்துப் பிடித்து மெல்லத் தட்டினால் விழுவனவற்றுள் நூலோடு விழுவது எதுவென்று நோக்குக. ஆணொன்றும் பெண்ணொன்றும் போதும். எழுபது வீத மதுசாரத்தில் இட்டு, சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலின் உள்ளே இடுக. மையால் எழுதியது மதுசாரத்திற் கரைந்துவிடும்.